பையில் நாட்டு மரக்கன்று: விதை போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்கோடியில், ஒரு கண்மாயை ஒட்டிச் சின்னதாக ஒரு நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறோம். சரக்கொன்றை, வாகை, உசில், வன்னி, புங்கன், வேங்கை, ஆச்சா, வெள்வேல் என்று பெரும்பாலும் அவரைக் குடும்பத்து நாட்டு மரங்கள்தான். 2022-ல் அரசின் மரம் நடும் திட்டமான பசுமைத் தமிழகம் இயக்கம் வந்த பிறகு, "நானே விதை போட்டுக் கன்று வளர்க்கிறேன்" என்று வருபவர்கள் கூடிவிட்டார்கள். போனில் வரும் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருவதை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

அக்கா, சரக்கொன்றை விதை போட்டு ஒன்றரை மாதம் ஆச்சு. நூறு பையில் மூன்றுதான் முளைத்தது. விதை சொத்தையா?

ஒரு பையில் மண்ணைக் கிளறி விதையை எடுத்துப் பாருங்கள். அது இன்னும் பழுப்பு நிறத்தில், மெழுகு தடவினாற்போல் பளபளவென்று, நகம் இறங்காத கெட்டியாக இருந்தால் அது நல்ல விதை. ஒன்றரை மாதம் ஈர மண்ணுக்குள் கிடந்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை, அவ்வளவுதான் விஷயம். அழுத்தியதும் பிசுபிசுவென்று நசுங்கினால்தான் சொத்தை.

அவரைக் குடும்பத்து மரங்கள் பலவற்றின் விதைத்தோல் தண்ணீர் புகாதது. தோலுக்குள் நெட்டுக்குத்தாக நெருக்கி அடுக்கிய ஓர் உயிரணு வரிசை இருக்கிறது. வேலிக்குச் சவுக்குக் கம்பு நட்ட மாதிரி. அந்த வேலி எங்காவது ஓர் இடத்தில் உடைந்தால்தான் ஈரம் உள்ளே போகும். காட்டில் வெயில் காய்ந்தும், மழையில் நனைந்தும், மிருகத்தின் வயிற்றுக்குள் போய் வந்தும் அது மெல்ல உடையும். ஒரு காயில் இருந்த விதைகளே இந்த வருஷம் நாலு, அடுத்த வருஷம் பத்து, அதற்கடுத்த வருஷம் மிச்சம் என்று முளைக்கும். ஒரே மழையை நம்பி எல்லாம் முளைத்து, பின்னால் வரும் வறட்சியில் எல்லாம் கருகிப் போகக் கூடாதே. மரத்துக்கு அது சாமர்த்தியம். நமக்கோ நூறும் ஒரே வாரத்தில் முளைத்தாக வேண்டும். சிக்கல் அங்கேதான்.

எவ்வளவு காலம் இப்படிக் கிடக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை சொல்வேன். நம் வாகைக்கு உறவான பட்டு வாகையின் விதைகளை 1793-ல் சீனாவிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோய், பிரிட்டிஷ் மியூசியத்தில் காய்ந்த தாவரங்களோடு வைத்திருந்தார்கள். 1940-ல் அங்கே குண்டு விழுந்து தீப்பிடித்தது. தீயை அணைக்க அடித்த தண்ணீரில் நனைந்து அந்த விதைகளில் சில முளைத்துவிட்டன. 147 வருஷம்! உங்கள் ஒன்றரை மாதம் அதற்கு ஒரு கணக்கே இல்லை.

வெந்நீரில் போட வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பது?

விதையைக் கொதிக்கவே வைக்கக் கூடாது. அடுப்பில் விதையோடு கொதித்தால் அது சுண்டல்.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் பாத்திரத்தை இறக்கிக் கீழே வையுங்கள். கொதி அடங்கியதும் விதையைக் கொட்டுங்கள். ஒரு தம்ளர் விதைக்கு ஐந்து தம்ளர் தண்ணீராவது வேண்டும். தண்ணீர் குறைந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும். ஒரு கிளறு கிளறிவிட்டு அப்படியே ராத்திரி முழுக்க விடுங்கள். விடிந்ததும் பார்த்தால் விதைகள் இரண்டு சாதியாகப் பிரிந்திருக்கும். ஊறிய விதை இரண்டு மடங்கு பருத்து, தோல் மங்கி, வழவழப்பாக இருக்கும். ஊறாதது போட்ட மாதிரியே இருக்கும். ஊறியதை அன்றைக்கே மண்ணில் போட்டுவிடுங்கள். ஊறிய விதையை "நாளைக்குப் போடலாம்" என்று டப்பாவில் வைத்தால் நாளைக்கு நாற்றம்தான் வரும். ஊறாததை மறுபடி ஒரு முறை அதே மாதிரி வெந்நீரில் போடலாம்.

வாகை, உசில், கருவேல் விதைகளுக்கு இது நன்றாக வேலை செய்யும். வன்னிக்குப் பல சமயம் ஒரு நாள் பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டாலே போதும். கொன்றைக்கு மட்டும் என் அனுபவத்தில் வெந்நீர் பாதிக் கிணறு தாண்டுகிற வேலைதான். அதற்குக் கீறிவிடுவதே உறுதி.

கீறுவது என்றால்? எதை வைத்து?

நகவெட்டி. சிரிக்காதீர்கள், இருபது ரூபாய் நகவெட்டியைவிட நல்ல கருவி இதற்கு இல்லை. விதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தட்டையாகப் பிடியுங்கள். காயோடு ஒட்டியிருந்த இடத்தில் சின்னத் தழும்பு தெரியும். முளைவேர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே கை வைக்கக் கூடாது. எதிர்ப்பக்க ஓரத்தில், 'டிக்' என்று சத்தம் வரும் அளவுக்கு மட்டும் ஒரு கிள்ளு. உள்ளே வெளிறிய பருப்பு ஊசிமுனை அளவு தெரிந்தால் போதும். பிறகு சாதாரணத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊற வையுங்கள்.

முதல் இருபது விதை பிடிக்குள் நிற்காமல் எகிறி ஓடும். அப்புறம் கை பழகிவிடும். என் அத்தை டிவி பார்த்துக்கொண்டே ஒரு சீரியலுக்கு இருநூறு விதை முடிப்பார். நகவெட்டி பிடிக்காதவர்கள் உப்புத்தாளில் தேய்க்கலாம். பளபளப்புப் போய் ஓர் இடத்தில் சொரசொரப்புத் தெரியும் வரை.

ஆசிட் போட்டால் சீக்கிரம் முடியுமாமே?

முடியும். பெரிய நாற்றங்கால்களில் அடர்கந்தக அமிலத்தில் சில நிமிடங்கள் போட்டு எடுத்துக் கழுவுவார்கள். பழகிய ஆள், கையுறை, கண்ணாடி, கழுவ ஓடும் தண்ணீர் எல்லாம் இருக்கிற இடத்தில் செய்கிற வேலை அது. வீட்டுக் கொல்லையில் நூறு விதைக்காக அந்தப் பாட்டிலைத் தொட வேண்டாம்.

எல்லா மர விதைக்கும் இந்தப் பாடு உண்டா?

இல்லை. புங்கனுக்கு ஒன்றும் வேண்டாம். ஓட்டை உடைத்து விதையை எடுத்து, தழும்பு கீழே பார்க்கப் படுக்க வைத்தால் இரண்டு வாரத்தில் தலை நீட்டும். ஆனால் புங்கன் விதை கொன்றை மாதிரி வருஷக்கணக்கில் காத்திருக்காது, பொறுக்கிய பருவத்திலேயே போட்டுவிட வேண்டும். ஆச்சாவும் அப்படித்தான். நுனியில் ஒற்றை விதை வைத்த அந்தத் தட்டைக் காயை உரிக்காமல் அப்படியே போட்டால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். ஆனால் ஆச்சா வருஷா வருஷம் நன்றாகக் காய்க்காது. காய்த்த வருஷத்தை விடாதீர்கள்.

வேங்கை பொறுமையைச் சோதிக்கும். ரூபாய் நாணயத்தைச் சுற்றிக் காகிதம் ஒட்டின மாதிரி இறக்கை வைத்த காய். இறக்கையைக் கத்தரித்துவிட்டு, இரண்டு மூன்று நாள் சாணிக் கரைசலில் ஊற வைத்துப் போட்டாலும் முளைப்பது முன்னே பின்னே, குறைச்சலாகத்தான் இருக்கும். அதனால் வேங்கையை நேரே பையில் போட்டு ஏமாறாதீர்கள். மணல் கலந்த தாய்ப்பாத்தியில் தூவி, முளைத்து இரண்டு இலை விட்டதை மட்டும் பைக்கு மாற்றுங்கள்.

வெள்வேலுக்கும் கருவேலுக்கும் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது: ஆட்டுக் கிடை. ஆடு பகலில் நெற்றைத் தின்னும். ராத்திரி கிடையில் படுத்து அசைபோடும்போது, கெட்டியான விதைகளை வாயிலிருந்து துப்பிவிடும். புழுக்கையோடும் கொஞ்சம் வரும். எச்சிலும் வயிற்றுச் சாறும் பட்டுத் தோல் ஏற்கெனவே பதமாகி இருக்கும். கிடை மாற்றிய மறுநாள் அந்த மண்ணை ஒரு சல்லடையில் சலித்தால் கைநிறைய விதை. ஆட்டுக்காரர் "என்னத்தா, புழுக்கையைச் சலிக்கிறே?" என்று கேட்பார், கேட்டுவிட்டுப் போகட்டும்.

விதையை எங்கே பொறுக்குவது? ஒரே மரத்தில் எடுத்தால் போதுமா?

சாலையோரம், கோயில் தோப்பு, கண்மாய்க் கரை, பள்ளிக்கூட வளாகம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போய்ப் பொறுக்க வேண்டாம். ஒரே மரத்து விதையில் ஆயிரம் கன்று போட்டால் ஆயிரமும் ஒரு தாய்ப் பிள்ளைகள். ஒரு நோய்க்கு எல்லாம் சேர்ந்து விழும். கொஞ்சம் தள்ளித் தள்ளி நிற்கும் ஏழெட்டு மரங்களில் இருந்தாவது எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். நெற்று நன்றாக முற்றிக் காய்ந்திருக்க வேண்டும். வாகைக்கு அடையாளமே சத்தம்தான், மாசி பங்குனியில் காற்றடித்தால் மரமே சலங்கை கட்டினமாதிரி கலகலக்கும்.

வட்டமாக ஊசித் துளை விழுந்த விதை வண்டு குடைந்தது, எடுத்து எறியுங்கள். பயறு டப்பாவில் வருகிற வண்டின் சொந்தக்காரன்தான் அது. வேலை முடிந்ததும் நல்ல விதையை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, அடுப்புச் சாம்பல் கலந்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மரத்தின் பெயரும் எடுத்த மாதமும் எழுதி ஒட்டுங்கள். எழுதாமல் விட்டு "இது உசிலா, வாகையா" என்று நாங்கள் விழித்தது உண்டு.

கொன்றைக் காயை உடைத்தால் கை எல்லாம் கறுப்பாக ஒட்டுகிறது. என்ன செய்ய?

முழம் நீளத்துக்கு வரும் அந்தக் கறுப்புக் குழலுக்குள் தட்டுத் தட்டாக அறைகள் இருக்கும். அறைக்கு ஒரு விதை, சுற்றிலும் தார் மாதிரி இனிப்புச் சதை. அந்தச் சதைதான் மருந்துக்கடையில் பேதி ஆவதற்குக் கொடுக்கிறது, அதனால் பிள்ளைகளை நக்க விடாதீர்கள். காயை நீளவாக்கில் கல்லால் தட்டிப் பிளந்து, முழுவதையும் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு நாள் போட்டுவிடுங்கள். சதை கரைந்துவிடும். சாக்குப் பையில் கொட்டித் தேய்த்து அலசினால் விதை தனியாக வரும். ஒரு காயில் நாற்பதுக்கு மேல் விதை தேறும், நூறு கன்றுக்கு ஐந்து காய் தாராளம்.

மண் கலவை?

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு. இதில் புதுமை ஒன்றும் இல்லை, வனத்துறை நாற்றங்காலிலும் இதே கணக்குத்தான். 'மட்கிய' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாதி மட்கிய சாணியில் சூடும் இருக்கும், வெள்ளை வெள்ளையாய்த் தடித்த வண்டுப் புழுவும் இருக்கும்; அது பைக்குள் உட்கார்ந்து வேரைத் தின்றுகொண்டே இருக்கும், மேலே கன்று ஏன் வாடுகிறது என்றே தெரியாது. மணல் கிடைக்காத ஊரில் தேங்காய் நார்க்கழிவு சேர்க்கலாம், பையும் கனக்காது. ஆனால் கயிறு ஆலையிலிருந்து நேரே வந்த நார்க்கழிவில் உப்பும் துவர்ப்பும் இருக்கும். அதை மூன்று நான்கு முறை அலசி, மட்க வைத்துத்தான் போட வேண்டும்.

எந்த அளவுப் பை? பால் பாக்கெட்டில் வளர்க்கலாமா?

ஐந்துக்கு எட்டு அங்குலக் கறுப்புப் பை மூன்று நான்கு மாதக் கன்றுக்குச் சரி. ஆறு மாதம் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஆறுக்கு ஒன்பது. அடியிலும் பக்கத்திலும் துளை இருக்கிறதா என்று நிரப்பும் முன்னே பாருங்கள். துளை இல்லாத கட்டு ஒன்று வந்து, ஒரு மழையில் எங்கள் கன்றுகள் எல்லாம் பானைக்குள் நின்ற மாதிரி நின்றன. பையை மண்ணால் நிரப்பும்போது இரண்டு தட்டுத் தட்டி, விளிம்பிலிருந்து அரை அங்குலம் குறைவாக நிறுத்துங்கள், தண்ணீர் நிற்க இடம் வேண்டும்.

அரை லிட்டர் பால் பாக்கெட்டை அலசிக் காயவைத்து, கீழே இரண்டு மூலையையும் கத்தரித்துவிட்டால் அதுவும் பைதான். இரண்டு மூன்று மாதத்துக்குத் தாங்கும். சிரட்டையில் வளர்க்கச் சொல்லிக் காணொளி வருகிறது. கீரைக்கு ஆகலாம், மரத்துக்கு ஆகாது. முளைத்த மூன்றாம் வாரமே வேர் சிரட்டையின் அடியைத் தொட்டுத் திரும்பிவிடும்.

எவ்வளவு ஆழம், எவ்வளவு தண்ணீர்?

விதையின் கனத்துக்கு இரண்டு மடங்கு மண் மேலே இருந்தால் போதும். பைக்கு இரண்டு விதை போட்டு, இரண்டும் முளைத்தால் மெலிந்ததைக் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். முளைக்கும் வரை பூவாளியில் காலையும் மாலையும் லேசாக. முளைத்த பிறகு விரலை மண்ணில் கணு அளவு விட்டு, காய்ந்திருந்தால் மட்டும்.

முளை வெளியே வந்ததும் தென்னங்கீற்றோ பாதி வெயில் விடும் நிழல்வலையோ வேண்டும். அது முதல் மாதத்துக்கு மட்டும். இவை எல்லாம் வெயில் காட்டு மரங்கள். நிழலிலேயே வைத்தால் தண்டு நெட்டையாய் வெளுத்துப் போய்க் கொடி மாதிரி சாயும்.

நேற்று நன்றாக நின்ற நாற்று இன்று தரையோடு மடங்கிக் கிடக்கிறது.

மண்மட்டத்தில் தண்டு நூல் மாதிரி இளைத்திருந்தால் நாற்றழுகல். தண்ணீர் அதிகம், நெருக்கம் அதிகம். மடங்கிய பைகளை எடுத்துத் தள்ளி வையுங்கள், இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். அடுத்த முறை கலவையிலேயே, அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி சேர்த்துவிடுங்கள். ஒரு கை தொழு உரத்தோடு பிசறி ஒரு வாரம் நிழலில் ஈரமாக வைத்துவிட்டுக் கலந்தால் நன்றாகப் பரவும்.

இவை எல்லாம் அவரைக் குடும்பம்தானே, ரைசோபியம் போட வேண்டுமா?

போட்டால் நல்லது. வேரில் முடிச்சு விட்டுக் காற்றிலிருந்து தழைச்சத்து பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியாதான் ரைசோபியம். அரிசிக் கஞ்சியை ஆறவைத்து, அதில் ரைசோபியத்தைக் கரைத்து, ஊறிய விதையைப் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்திப் போடலாம். கடைப் பாக்கெட் பெரும்பாலும் உளுந்துக்கு, நிலக்கடலைக்கு என்று தயாரித்தது. மரத்துக்கு ஏற்ற பாக்டீரியா அதே சாதி மரத்தின் அடியில்தான் இருக்கும். நாங்கள் பழைய வாகை மரத்தடியில், மேல் சருகை ஒதுக்கிவிட்டு, சல்லிவேர் ஓடும் ஆழத்தில் ஒரு கூடை மண் எடுத்து வந்து வாகைப் பைகளுக்குக் கைப்பிடி கைப்பிடியாகக் கலப்போம். புங்கனுக்குப் புங்கன் மண். காசு செலவில்லை.

வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் இரண்டு மாதம் கழித்து ஒரு கன்றைப் பலி கொடுங்கள். பையைக் கிழித்து மண்ணைத் தண்ணீரில் மெல்ல அலசினால் வேரில் கடுகு, மிளகு அளவில் முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, வெட்டின கறித்துண்டு நிறத்தில் இருந்தால் அது தழைச்சத்து பிடிக்கிறது. நம் ரத்தச் சிவப்புக்குக் காரணமான பொருளுக்கு நெருங்கிய ஒன்றுதான் அந்த நிறத்தைக் கொடுக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, பச்சையோ பழுப்போ ஆகியிருந்தால் ஓய்ந்துவிட்டது.

கொன்றை வேரை அலசிப் பார்த்தேன், ஒரு முடிச்சுகூட இல்லை. மண் கெட்டுப்போச்சா?

மண்ணில் குறை இல்லை. சரக்கொன்றை முடிச்சு விடாது. ஆத்தி விடாது, ஆச்சா விடாது, புளியும் விடாது. அவரைக் குடும்பம் என்றாலே தழைச்சத்து பிடிக்கும் என்று மேடையில் பேசுபவர்கள் வேரை அலசிப் பார்த்ததில்லை. வாகை, உசில், புங்கன், வேங்கை, வன்னி, வேல மரங்கள் பிடிக்கும். முடிச்சு விடாத மரங்களுக்குக் கலவையில் தொழு உரத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்.

சீக்கிரம் வளர யூரியா ஒரு சிட்டிகை?

வேண்டாம். தழைச்சத்து சும்மா கிடைத்தால் வேர் முடிச்சுக்குச் சோறு போடுவதை மரம் நிறுத்திவிடும். தண்டும் சதைத்து நீண்டு, நட்ட இடத்தில் வெயில் தாங்காது.

சாயங்காலம் ஆனால் வாகைக் கன்று இலையை மூடிக்கொண்டு வாடிப்போகிறது. காலையில் சரியாகிவிடுகிறது. நோயா?

தூங்குகிறது. தண்ணீர் ஊற்றி எழுப்ப வேண்டாம்.

இதே மாதிரி இன்னொன்று: புங்கன் முதலில் கூட்டிலை விடாமல் ஒற்றை ஒற்றை இலையாக விடும். "வேறு விதை கொடுத்து ஏமாத்திட்டீங்க" என்று ஒருவர் இருபது பையையும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு வாரம் இங்கேயே இருக்கட்டும் என்று வாங்கி வைத்தோம். பிறகு வந்து சத்தமில்லாமல் எடுத்துப் போனார்.

பச்சைப் புழு கொன்றைக் கன்றை மொட்டை அடித்துவிட்டது. மருந்து சொல்லுங்கள்.

அது எலுமிச்சை நிறத்தில் கூட்டம் கூட்டமாகப் பறக்குமே, அந்தப் பட்டாம்பூச்சியின் பிள்ளை. கொன்றைதான் அதற்குச் சோறு. பத்து நாளில் புழுப்பருவம் முடிந்து கூடு கட்டிவிடும், கன்று மறுபடி தளிர்க்கும். சின்னக் கன்றுகளில் இருப்பதைக் கையால் எடுத்துப் பெரிய மரத்தில் விட்டுவிடுங்கள். நான் மருந்து அடிப்பதில்லை.

வன்னி என்று வாங்கி வந்த விதையில் சீமைக்கருவேலம் முளைத்ததாகச் சொல்கிறார்களே, நடக்குமா?

எங்களுக்கே நடந்தது. ஒரு வியாபாரியிடம் வன்னி விதை கால் கிலோ வாங்கி நானூறு பை போட்டோம். கோயிலுக்குத் தலவிருட்சமாக நட முப்பது கன்றுக்கு முன்பணமும் வாங்கியாயிற்று. இரண்டாம் மாதம் முள் தெரிந்தபோதுதான் வயிறு கலங்கியது. சீமைக்கருவேலத்துக்கு முள் கணுவில், இலை பிறக்கும் இடத்தில், பெரும்பாலும் ஜோடியாக வரும். வன்னியின் முள் கணுவுக்குக் கணு நடுவே, தண்டு நெடுகச் சிதறி, அடி தடித்துச் சின்னதாக இருக்கும். இலையின் நிறத்திலும் சாம்பல் பூத்த நீலம் கொஞ்சம் தெரியும். முன்னூறுக்கு மேல் சீமைதான். எல்லாவற்றையும் பிடுங்கிக் காயவைத்து எரித்தோம். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். 1870-களில் ஜமைக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்த அந்த மரத்தை எங்கள் கையாலேயே கோயிலில் நட்டிருந்தால் ஊர் சும்மா விட்டிருக்காது.

அதிலிருந்து வன்னிக்கு நாங்களே மரத்தடியில் நின்று பொறுக்கிய விதை மட்டும்தான்.

கன்று விற்கிற இடங்களில் கொன்றை என்று கொடுப்பதெல்லாம் நாட்டு மரமா?

பெயரை நம்பாதீர்கள். செக்கச்செவேல் என்று பூக்கும் மயில்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி மரம் தென்னமெரிக்கா. சுபாபுல், கிளைரிசிடியா இரண்டும் நடு அமெரிக்கப் பக்கம். மஞ்சள்பூ சென்னா ஒன்றை அழகுக்காகக் கொண்டுவந்து நட்டு, அது முதுமலை, சத்தியமங்கலம் காடுகளுக்குள் புகுந்து பரவி, இன்று வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறார்கள். தங்கச் சரமாகக் கீழே தொங்கும் பூவும், தடிக்கம்பு மாதிரி உருண்டு நீண்ட காயும் இருந்தால்தான் சரக்கொன்றை.

வெளிநாட்டுக் காணொளிகளில் கிளோவர் விதையைத் தட்டில் போட்டுப் புல்தரை மாதிரி வளர்க்கிறார்கள். இங்கே வருமா?

கிளோவர் மூன்று இலை வைத்த அவரைக் குடும்பத்துச் சிறு செடி, நம் சமவெளிக்குச் சொந்தமில்லை. வடநாட்டில் குளிர்காலத் தீவனமாகப் போடும் பெர்சீம் ஒரு கிளோவர்தான், அதுவும் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எகிப்திலிருந்து வந்தது. நீலகிரியில் புல்லுக்குள் தெரியும் வெள்ளைக் கிளோவர் ஐரோப்பாவிலிருந்து வந்து தங்கிவிட்ட செடி. அந்தந்த நாட்டில் அவர்கள் தங்கள் நாட்டுக் கிளோவரை வளர்ப்பது நியாயம், நமக்கு அது வேண்டியதில்லை.

மூன்று இலை வைத்துத் தரையில் படரும் அவரைச் செடி நம்மிடமே இருக்கிறது. ஒன்று நரிப்பயறு, பசுந்தாளுக்கும் தீவனத்துக்கும் போடுகிறார்கள். இன்னொன்று சிறுபுள்ளடி. மிதிபடும் புல்தரையில் குனிந்து பார்த்தால் பாசிமணி அளவு இலைகளோடு, இன்னும் சின்ன ஊதாப் பூவோடு தரையோடு ஒட்டிக் கிடக்கும். காய் துணுக்குத் துணுக்காக உடைந்து வேட்டியில் ஒட்டும். அதன் விதை சிறிது, நகவெட்டி ஆகாது. இரண்டு உப்புத்தாளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டி, ஒரு ராத்திரி ஊறவைத்து, குழித்தட்டில் மேலாகத் தூவி மணல் சலித்து மூடினால் போதும். அவசரக்காரர்கள் படர்ந்த தண்டை வேரோடு பெயர்த்துப் பையில் நட்டுவிடலாம். புளியாரையும் மூன்று இலைதான், ஆனால் அது இந்தக் குடும்பமே இல்லை; வாயில் போட்டால் புளிக்கும்.

பையை ஏன் அடிக்கடி நகர்த்தச் சொல்கிறீர்கள்?

இந்த மரங்களுக்கு மேலே ஒரு சாண் தண்டு என்றால் கீழே இரண்டு சாண் ஆணிவேர். பையின் அடியைத் தொட்டதும் வேருக்கு இரண்டு வழிதான். துளை வழியே தரைக்குள் இறங்கும், அல்லது பைக்குள்ளேயே கொசுவர்த்திச் சுருள் மாதிரி சுற்றும். தரைக்குள் இறங்கியதை நடும் அன்று பிய்த்தெடுத்தால் கன்றுக்கு உயிர் ஊசலாடும். சுருண்ட வேரோடு நட்டால் இரண்டு மூன்று வருஷம் நன்றாகத்தான் இருக்கும். ஒரு புயலில் அடியோடு சாயும்போது பார்த்தால் அந்தச் சுருள் அப்படியே இருக்கும். கஜா புயலில் சாய்ந்த நட்ட மரங்கள் சிலவற்றின் அடியில் நானே பார்த்தேன்.

அதனால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை பைகளைத் தூக்கி இடம் மாற்றுங்கள். வெளியே நீட்டிய வேரைக் கத்தரித்துவிடலாம். இன்னும் நல்லது, செங்கல் மேல் கம்பி வலை போட்டுப் பைகளை அதில் அடுக்குவது. துளை வழியே வந்த வேர் நுனி காற்றுப் பட்டுத் தானே காய்ந்து, உள்ளே பக்க வேர்கள் பெருகும். நடும்போது பையின் அடியில் அரை அங்குலத்தை மண்ணோடு சீவிவிட்டு நடுங்கள். வன்னியும் ஆச்சாவும் எவ்வளவு சொன்னாலும் பைக்கு அடங்காத மரங்கள். தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் இடமென்றால் குழியிலேயே நேரடியாக விதை போடுங்கள் என்றுதான் சொல்வேன், எங்கள் கன்று விற்காமல் போனாலும்.

எப்போது விதைத்து எப்போது நடுவது?

எங்கள் பக்கம் மழை ஐப்பசி கார்த்திகையில். அதனால் வைகாசி ஆனியில் பையில் போட்டு, புரட்டாசிக் கடைசியில் ஒன்றரை அடிக் கன்றாக எடுப்போம். நடுவதற்கு மூன்று வாரம் முன்பே முழு வெயிலுக்கு மாற்றி, தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்க வேண்டும். மேற்கே ஆனி ஆடியில் மழை பெறும் ஊர்க்காரர்கள் மாசியிலேயே தொடங்குங்கள்.

முளைக்காத பைகளை என்ன செய்வது? மண்ணைக் கொட்டிவிடலாமா?

கொட்டுங்கள், ஆனால் பாதையில் கொட்டாதீர்கள். முதல் வருஷம் நாங்கள் கொன்றைக்குக் கீறல் எல்லாம் தெரியாமல் ஐந்நூறு பை போட்டு, முளைக்காததை எல்லாம் மோட்டார் ரூமுக்குப் பின்னால் குவித்துவிட்டோம். அடுத்த வருஷ மழைக்கு அந்தக் குவியலில் பத்துப் பதினைந்து முளைத்தன. அதற்கடுத்த வருஷமும் முளைத்தன. ஆடு கடித்தது போக ஒன்று மோட்டார் ரூம் சுவரோடு ஒட்டி வளர்ந்து, இந்தச் சித்திரையில் முதல் முறையாகப் பூத்தது. அதன் கீழே இன்னும் முளைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. எது அந்த ஐந்நூறில் மிச்சம், எது பறவை போட்டது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.